கியூ.ஆர். குறி: கடைக்காரர் அறிய வேண்டிய ஒரு பாடம்

நமது சங்கத்து அங்கத்தினர்களில் பெரும்பாலோர் வியாபாரஸ்தர்கள். மளிகை, துணி, உணவு, காய்கறி என எந்தத் தொழிலாயினும், இன்று கல்லாப்பெட்டிக்கு அருகில் கறுப்பும் வெள்ளையுமான ஒரு சதுரக் குறி ஒட்டியிருக்கக் காண்கிறோம். வாடிக்கைக்காரர் கைப்பேசியை அதன்முன் நீட்டுகிறார், தொகையை அழுத்துகிறார், பணம் போய்விட்டது என்கிறார். அது எங்கே போயிற்று, யார் கணக்கில் சேர்ந்தது, அந்தச் சதுரத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் நம்மவரில் அனேகர் "தம்பியைக் கேளுங்கள்" என்று மகனைக் காட்டுகிறார்கள். தராசின் கல்லையும் அளக்கும் படியையும் பிறர் பொறுப்பில் விட்டுவிட்டு வியாபாரம் செய்வோர் நம்மில் எவருமில்லை. காசு வாங்கும் குறியை மட்டும் அப்படி விடுவது எவ்விதம் சரியாகும்? ஆகவே இவ்விதழில் இதனை ஒரு பாடமாக எடுத்துக்கொள்வோம்.

லாபு, நீலாய்க்கும் சிரம்பானுக்கும் இடையே ரயில் பாதையை ஒட்டிய ஊர். சுற்றிலும் தோட்டங்கள். பால்மரம் வெட்டிய நாளில் தோட்டத்துச் சம்பள நாளே கடைக்காரருக்கும் சம்பள நாளாக இருந்தது. மாதம் முழுதும் பற்றெழுதிய பாக்கிப் புத்தகம் அன்றுதான் வரவு காணும். இன்றோ பால்மரம் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. சம்பளம் பெரும்பாலும் வங்கிக் கணக்கில் விழுகிறது. அதைக் கடைக்குக் கொண்டுவர வேண்டுமானால் தொழிலாளி பணப்பொறியைத் தேடி ஊருக்குப் போக வேண்டும், அல்லது கைப்பேசியால் கொடுக்க வேண்டும். பணப்பொறியைத் தேடி ஊருக்குப் போனவர் அங்கேயே சாமானும் வாங்கிக்கொண்டு திரும்புவார் என்பதைக் கடைக்காரருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் குறியின் அவசியம் அங்கேதான் இருக்கிறது.

குறி பிறந்த கதை

மூட்டைகளின் மீது மையால் குறியிடும் வழக்கம் வியாபாரிகளுக்குப் புதிதன்று. யாருடைய சரக்கு, எந்த ஊருக்கு என்பதை மூட்டைக் குறி சொல்லிவிடும். கோடுகளாலான பார்கோடு அதன் பேரப்பிள்ளை எனலாம். 1974 ஆம் ஆண்டு ஜூன் 26 ஆம் தேதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டிராய் நகரில் ஒரு பேரங்காடியில் ரிக்லி நிறுவனத்தின் சூயிங்கம் கட்டு ஒன்றே, இன்று உலகெங்கும் பரவியுள்ள பார்கோடு முறையில் முதன்முதலாக விற்பனையானது. ஆயினும் பார்கோட்டில் ஏறக்குறைய இருபது எழுத்துகளுக்குமேல் அடங்குவதில்லை.

ஜப்பானில் டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த, இன்று டென்சோ எனப் பெயர் வழங்கும் நிறுவனத்தின் தொழிற்சாலைகளில் இந்தக் குறை பெரிய தொல்லையாயிற்று. மோட்டார் உதிரிப் பாகங்கள் வரும் ஒவ்வொரு பெட்டியிலும் பல பார்கோடுகள் ஒட்டி, ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டியிருந்தது. அங்கு பணியாற்றிய மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரும் அவரது சிறு குழுவினரும் இதற்கு மாற்றுத் தேடினர். கறுப்பும் வெள்ளையுமான காய்களைக் கட்டங்களில் வைத்து ஆடும் 'கோ' என்ற ஆட்டப் பலகையிலிருந்து ஹாராவுக்கு யோசனை பிறந்தது. இடமிருந்து வலமாக மட்டுமின்றி மேலிருந்து கீழாகவும் விஷயத்தை நிரப்பினால் சிறு இடத்தில் மிகுதியாக அடக்கலாமல்லவா? 1994 இல் குறி வெளிவந்தது. கியூ.ஆர். என்பது 'விரைந்த மறுமொழி' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்.

அந்நிறுவனம் காப்புரிமையைக் கையில் வைத்திருந்தும், தரத்துக்கு இணங்க இக்குறியைச் செய்வோரிடம் அந்த உரிமையைப் பிரயோகிப்பதில்லை என்று அறிவித்துவிட்டது. 2000 ஆம் ஆண்டில் இது சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. ஆகவே கியூ.ஆர். குறி செய்வதற்கு எவருக்கும் காணிக்கை செலுத்த வேண்டியதில்லை. "குறி செய்து தருகிறோம், ஆண்டுச் சந்தா கொடுங்கள்" என்று வருவோரிடம், எதற்காகச் சந்தா என்று கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு. அதனைப் பின்னர் விளக்குவோம்.

சதுரத்தின் அமைப்பு

குறியின் மூன்று மூலைகளில் மூன்று பெரிய கட்டங்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். குறி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் மேல் என்பதைக் கைப்பேசிக்கு உணர்த்துபவை அவையே. குறுக்கே கோடு கிழித்தால் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற அளவில் வரும்படி அவற்றை அமைத்திருக்கிறார்கள். அச்சிட்ட தாள்களில் மிக அரிதாகவே காணப்படும் அளவு எது என்று ஆராய்ந்து இதைத் தேர்ந்தார்கள். ஆதலால்தான் குறியைத் தலைகீழாகக் காட்டினாலும் சாய்த்துக் காட்டினாலும் வாசித்துவிடுகிறது.

குறியின் அளவு 40 வகைப்படும். மிகச் சிறியதில் ஒரு பக்கத்துக்கு 21 கட்டங்கள். ஒவ்வொரு படிக்கும் நான்கு கட்டங்கள் கூடி, மிகப் பெரியதில் 177 கட்டங்கள். மிகப் பெரியதில் எண்கள் மட்டுமானால் 7,089 வரை அடங்கும்.

தமிழில் எழுதுவோர் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கணினிக் கணக்கில் ஓர் ஆங்கில எழுத்து ஓர் இடம் கொள்கிறது. தமிழில் ஒவ்வோர் எழுத்து உருவும் மூன்று இடம் கொள்கிறது. 'லாபு' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் நான்கு இடம். தமிழில் எழுதினால் 'ல', துணைக்கால், 'ப', உகரக் குறி என நான்கு உருவுகளாகிப் பன்னிரண்டு இடம் வேண்டும். தமிழ் எழுதலாகாது என்பது இதன் பொருளன்று. விஷயம் மிகுந்தால் கட்டங்கள் பெருகிச் சிறுத்துப்போகும், பழைய கைப்பேசிகள் வாசிக்கத் திணறும் என்பதே பொருள். குறிக்குள் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அழுக்குப் பட்டாலும் கிழிந்தாலும் குறி வாசிக்கப்படுவது எப்படி என்று சிலர் வியக்கிறார்கள். 1960 இல் ரீட், சாலமன் என்ற இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். சொல்ல வந்ததோடு அதைச் சரிபார்க்கும் உபரிக் கணக்கையும் சேர்த்து எழுதினால், ஒரு பகுதி அழிந்தாலும் மீதியிலிருந்து மீட்டுவிடலாம் என்பது அதன் சாரம். கியூ.ஆர். குறியில் இதற்கு நான்கு நிலைகள் உண்டு. ஏறக்குறைய 7, 15, 25, 30 சதவீதம் வரை பழுதைத் தாங்கும். எண்ணெய்க் கையும் மாவுக் கையும் படும் பலசரக்குக் கடைக்கும் ரொட்டிக் கடைக்கும் உயர்ந்த நிலையைத் தெரிவது நல்லது.

பணம் வாங்கும் குறிக்குள் என்ன இருக்கிறது?

மலேசியாவில் டுயிட்நவ் என்ற பணமாற்று முறை 2018 டிசம்பரில் தொடங்கியது, அதன் கியூ.ஆர். குறி 2019 இல் வந்தது. இதனை நடத்துவது பேநெட் என்ற நிறுவனம். இதற்கு முன்பு ஒவ்வொரு வங்கிக்கும் ஒவ்வொரு மின்பணப்பைக்கும் தனித்தனிக் குறி ஒட்ட வேண்டியிருந்தது. கடை முகப்பு ஒட்டுத்தாள்களால் நிறைந்துவிடும். டுயிட்நவ் குறி ஒன்று இருந்தால் இம்முறையில் சேர்ந்துள்ள எந்த வங்கியின் செயலியாலும் எந்த மின்பணப்பையாலும் பணம் கொடுக்கலாம்.

வெளிநாட்டு வாடிக்கைக்காரருக்கும் இது பயன்படுகிறது. தாய்லாந்துடன் 2021 இலும், இந்தோனேசியாவுடனும் சிங்கப்பூருடனும் 2023 இலும் இணைப்பு ஏற்பட்டு, அந்நாடுகளில் இதில் சேர்ந்துள்ள வங்கிகளின் வாடிக்கைக்காரர்கள் தங்கள் நாட்டுச் செயலியாலேயே நமது குறியை வாசித்துக் கொடுக்க வழியுண்டு.

இப்படிப்பட்ட வியாபாரக் குறிகளின் உள்ளமைப்பு 2017 இல் வெளியான ஓர் உலகத் தரத்தைத் தழுவியது. அதை ஒரு மளிகைச் சிட்டை போல எண்ணிக்கொள்ளலாம். ஒவ்வொரு வரியிலும் மூன்று பாகம்: வரியின் எண், எத்தனை எழுத்து வரும் என்ற கணக்கு, பிறகு விஷயம். முதல் வரி 00, 02, 01. அதாவது பூஜ்யமாம் வரி, இரண்டு எழுத்து, விஷயம் 01. இது எந்த முறைப்படி எழுதிய சிட்டை என்பதைச் சொல்கிறது. 52 ஆம் வரியில் தொழிலின் வகை வரும். மளிகைக் கடைக்கு 5411, உணவுக் கடைக்கு 5812. 53 ஆம் வரியில் நாணயம். மலேசிய வெள்ளிக்கு 458, சிங்கப்பூர் வெள்ளிக்கு 702. 59 இல் கடையின் பெயர். 60 இல் ஊர். கடை லாபுவில் என்று பதிவாகியிருந்தால் 60, 04, பிறகு ஊர்ப்பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகள். கடைசியாக 63 ஆம் வரியில், மேலே எழுதியவற்றை எல்லாம் ஒரு கணக்கில் போட்டு எடுத்த நான்கு எழுத்து விடை. குறி தவறாக வாசிக்கப்பட்டால் இந்த விடை பொருந்தாமல் காட்டிக் கொடுத்துவிடும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கடைசி விடை பிழையைக் காட்டுமேயன்றிப் பித்தலாட்டத்தைக் காட்டாது. திருடனும் அதே கணக்கைப் போட்டுச் சரியான விடையுடன் தன் குறியை அச்சிட்டுக்கொள்ளலாம். அது கையெழுத்தும் அன்று, முத்திரையும் அன்று. நூறு வெள்ளி நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். இந்தச் சதுரத்தை எந்த வெளிச்சத்தில் பிடித்தாலும் மனிதக் கண்ணால் வாசிக்க முடியாது. வாசித்தபின் கைப்பேசித் திரையில் தோன்றும் பெயர் ஒன்றே நமக்குச் சாட்சி.

குறி பெறுவது எப்படி?

முதலாவது, கடையின் பெயரில் பதிவும் வங்கிக் கணக்கும் வேண்டும். எஸ்.எஸ்.எம். பதிவுச் சான்றையும் அடையாள அட்டையையும் வைத்துக்கொண்டு உங்கள் வங்கியிலோ மின்பணப்பை நிறுவனத்திலோ வியாபாரிக்கான டுயிட்நவ் குறிக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது மூன்று கேள்விகளை விடாமல் கேளுங்கள். விற்பனைக்குக் கட்டணம் உண்டா, உண்டெனில் நூற்றுக்கு எவ்வளவு? பணம் உடனே கணக்கில் சேருமா, மறுநாளா? பணம் வந்ததை எவ்விதம் அறிவிப்பீர்கள்?

கட்டண விஷயத்தில் 2023 இறுதியில் நாடெங்கும் பேச்சு எழுந்து, பல வங்கிகள் சிறு வியாபாரிகளுக்குக் கட்டணம் வாங்குவதில்லை என்று அறிவித்தன. ஆயினும் விதிகள் மாறக்கூடும். ஒவ்வோர் ஆண்டும் கேட்டுத் தெரிந்துகொள்வது புத்திசாலித்தனம். உதாரணத்துக்கு நூற்றுக்குக் கால் வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 1,000 வெள்ளி விற்பனைக்கு 2 வெள்ளி 50 காசு போகும். அரிசி, சீனி போன்ற சொற்ப லாபச் சரக்குகளில் இதுவும் கணக்கில் சேர வேண்டிய தொகையே.

இரண்டாவது, தனியாளின் சொந்தக் குறியைக் கடைக்கு உபயோகிக்காதீர்கள். வங்கிச் செயலியில் எவரும் தம் பெயருக்கு ஒரு குறி எடுத்துக்கொள்ளலாம் என்பதால் நம்மவர் சிலர் அதையே அச்சிட்டு ஒட்டிவிடுகிறார்கள். முதல் மாதம் சுலபமாகத்தான் தோன்றும். பிறகு வீட்டு வாடகையும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் கடை விற்பனையும் ஒரே கணக்கில் கலந்துவிடும். எது லாபம், எது முதல் என்பது யாருக்கும் தெரியாது. அண்ணன் தம்பி இருவர் கூட்டாக நடத்தும் கடையில் குறி ஒருவர் பெயரில் இருந்தால், மற்றவர் தம் பங்கை நம்பிக்கையின் பேரில்தான் கேட்க வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயமும் உண்டு. தனியொருவர் பெயரிலுள்ள கணக்கு, அவர் மௌத்தான செய்தி வங்கிக்கு எட்டியதும் முடங்கும். அன்றிலிருந்து கடை வரும்படியும் அதனுள் சிக்கிக்கொள்ளும். அதில் கூட்டாளியின் பணம் எவ்வளவு, வாரிசுகளுக்குப் பாகம் பிரிக்க வேண்டிய சொத்து எவ்வளவு என்று பிரித்தறிய ஏடு இல்லாவிட்டால், உறவுக்குள் மனக்கசப்பு விளையும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நமக்குப் பழைய கட்டளை. கைப்பேசி வந்துவிட்டதனால் அக்கட்டளை தளர்ந்துவிடவில்லை. கூட்டுக் கடைக்குக் கூட்டுப் பெயரில் பதிவும், கூட்டுக் கணக்கும், அக்கணக்கின் குறியும் இருக்கட்டும்.

மூன்றாவது, நிலைக்குறி, நேரக்குறி என்ற பேதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒட்டிவைத்த குறி நிலைக்குறி. தொகையை வாடிக்கைக்காரரே அழுத்துவார். 13 வெள்ளி 50 காசுக்கு 1 வெள்ளி 35 காசு அழுத்திவிட்டுப் போவதும் நேரும், வேண்டுமென்றல்லாமலும் நேரும். ஒவ்வொரு விற்பனைக்கும் தொகையோடு திரையில் தோன்றுவது நேரக்குறி; அதில் தொகை தவறுவதில்லை. கூட்டம் மிகுந்த உணவுக் கடைக்கும் பெருந்தொகை புரளும் துணிக்கடைக்கும் நேரக்குறி ஏற்றது.

பிற உபயோகங்கள்

பணம் வாங்குவது மட்டுமே இக்குறியின் வேலையன்று. 2020 இல் தொற்றுநோய்க் காலத்தில் மைசெஜாத்ரா குறியைக் கடை வாசலில் ஒட்டிவைத்து வருகைப் பதிவு செய்ததை எல்லோரும் அறிவோம். அதே குறியைப் பின்வரும் காரியங்களுக்கும் நாமே செய்துகொள்ளலாம்.

வாட்ஸ்அப் வியாபாரச் செயலியில் கடைக்கென ஒரு குறி இருக்கிறது. அதை அச்சிட்டுக் கடைப் பையிலும் ரசீதிலும் இட்டால், வாடிக்கைக்காரர் எண்ணைத் தட்டாமலேயே சரக்குக்குச் சொல்லியனுப்பலாம். தோட்டத்து லயங்களிலிருந்து நாலு வீட்டார் சேர்ந்து சாமான் பட்டியல் அனுப்பினால் ஒரே நடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

கடை இருக்குமிடத்தை வரைபடத்தில் காட்டும் குறி, நீலாயிலிருந்தோ சிரம்பானிலிருந்தோ சரக்கு கொண்டுவரும் லாரி ஓட்டுநருக்குப் பயன்படும். உணவுக் கடையில் பட்டியலையும் விலையையும் குறி மூலம் காட்டலாம். ஆயினும் பெரியவர்களுக்காக அச்சிட்ட பட்டியலும் மேசையில் இருப்பதே மரியாதை. விருந்தினருக்கு வைஃபை இணைப்புக் கொடுக்கும் குறியைக் கைப்பேசியின் அமைப்புப் பகுதியிலேயே எடுக்கலாம். ஆனால் கல்லா இயந்திரமும் கண்காணிப்புக் கேமராவும் ஓடும் இணைப்பை ஊருக்குக் கொடுத்துவிடாமல், விருந்தினருக்கெனத் தனி இணைப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கிடங்கில் மூட்டைக்கும் பெட்டிக்கும் சரக்கின் பெயர், வாங்கிய தேதி, காலாவதித் தேதி அடங்கிய குறியை ஒட்டலாம். மேலும் 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மின்விலைப்பட்டியலில், உள்நாட்டு வருமான வரி வாரியம் சரிபார்த்ததற்கு அடையாளமாக ஒரு கியூ.ஆர். குறி இருக்கும். மொத்த வியாபாரி கொடுக்கும் விலைப்பட்டியலில் அதை வாசித்துப் பார்த்தால் அது மெய்யாகவே பதிவானதா என்று அறியலாம்.

குறி செய்யும் முறை சுலபம். கைப்பேசியிலுள்ள குரோம் உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து, பகிரும் பகுதிக்குச் சென்றால் அப்பக்கத்துக்கான குறியைத் தானே செய்து கொடுக்கும். இலவசமாகக் குறி செய்து தரும் இணையத் தளங்களும் உண்டு. இங்கேதான் சந்தா விஷயம் வருகிறது. சில தளங்கள் உங்கள் முகவரியைக் குறிக்குள் எழுதாமல், தங்கள் முகவரியை எழுதி, அங்கிருந்து உங்களிடம் திருப்பிவிடுகின்றன. பின்னால் முகவரியை மாற்றிக்கொள்ளலாம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணலாம் என்பன அதிலுள்ள சௌகரியங்கள். ஆனால் இலவசத் தவணை முடிந்ததும் சந்தா கட்டாவிட்டால் குறி செத்துப்போகும். ஐயாயிரம் பைகளில் அச்சிட்ட பிறகு இது தெரியவந்தால் பைகளெல்லாம் வீண். ஆகவே அச்சுக்குக் கொடுக்குமுன் குறியை வாசித்து, திரையில் தோன்றும் முகவரி உங்களுடையதுதானா என்று பாருங்கள். உங்கள் முகவரியே நேராக எழுதப்பட்ட குறிக்குச் சந்தாவும் கிடையாது, காலாவதியும் கிடையாது.

அச்சிடுவதில் நான்கு விதிகள் போதும். வெள்ளைத் தளத்தில் கறுப்புக் குறியாக இருக்கட்டும். பொன்னிறமும் வெள்ளியும் பார்வைக்கு அழகு, வாசிப்புக்குத் தொல்லை. குறியைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள். வாசிக்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு குறியின் அகலமாக இருக்கட்டும். 30 சென்டிமீட்டருக்கு 3, ஒரு மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். பளபளக்கும் உறையைத் தவிர்த்து, பகலில் ஒருமுறையும் இரவு விளக்கில் ஒருமுறையும் வெவ்வேறு கைப்பேசிகளால் வாசித்துப் பாருங்கள்.

ஏமாற்றுக்காரர் வழிகள்

முதல் வகை, குறிமேல் குறி ஒட்டுவது. 2023 ஏப்ரலில், ரமலான் மாதத்தில், ஜகார்த்தா நகரத்துப் பள்ளிவாசல்களின் உண்டியல்களில் இருந்த குறிகளோடு ஒருவன் தன் கணக்குக்குச் செல்லும் குறிகளை ஒட்டிவைத்தான். புகழ்பெற்ற இஸ்திக்லால் பள்ளிவாசலும் இதற்குத் தப்பவில்லை. அவன் தன் கணக்குக்கு வைத்திருந்த பெயர் 'பள்ளிவாசல் புனரமைப்பு' என்று பொருள்படுவது. பணம் கொடுத்தவர்கள் திரையில் அப்பெயரைப் பார்த்தும் சந்தேகப்படவில்லை. பிறகு போலீசார் அவனைக் கைது செய்தனர். இந்தியாவில் 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துக் கஜுராஹோவில் ஒரு பெட்ரோல் நிலையத்திலும் சில கடைகளிலும் இரவோடிரவாகக் குறிகளை மாற்றிவிட்டார்கள். மறுநாள் வாடிக்கைக்காரர் கைப்பேசியில் வேறு பெயர் வருகிறது என்று சொன்ன பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது.

இதிலிருந்து கற்க வேண்டியது இரண்டு. காலையில் கடை திறந்ததும் விளக்கேற்றுவது போல, சொந்தக் கைப்பேசியால் கடைக் குறியை வாசித்து, பணம் அனுப்பாமலே திரையில் வரும் பெயரைச் சரிபாருங்கள். கால் நிமிஷ வேலைதான். பெயர் ஏறக்குறையப் பொருந்தினால் போதாது, எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். இரவில் குறியைக் கடைக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். பள்ளிவாசல், மதரஸா உண்டியல்களைக் கவனிக்கும் நிர்வாகிகளும் இதையே செய்ய வேண்டும். அங்கே போகும் காசு பலருடைய ஸதகா.

இரண்டாம் வகை, பொய்ப் படம். "பணம் அனுப்பிவிட்டேன், பாருங்கள்" என்று ஒருவர் தம் திரையைக் காட்டுகிறார். அது பழைய பரிவர்த்தனையின் படமாகவோ கைவேலை செய்த படமாகவோ இருக்கலாம். அவருடைய திரை நமக்குச் சாட்சியன்று. நமது கணக்கில் வந்த அறிவிப்பே சாட்சி. முதலாளியின் கைப்பேசி வீட்டில், கல்லாவில் இருப்பது வேலையாள் என்ற கடைகளில்தான் இந்த மோசடி எளிதில் நடக்கும். கல்லாவில் இருப்பவரே வரவைப் பார்க்கும்படி வியாபாரிச் செயலியில் அவருக்குத் தனி அனுமதி உண்டா என்று வங்கியில் கேளுங்கள். அல்லது வரவைக் குரலால் அறிவிக்கும் சிறு பெட்டியை வாங்கி வையுங்கள்.

மூன்றாம் வகை, "உங்களுக்குப் பணம் தருகிறேன், இந்தக் குறியை வாசியுங்கள்" என்பது. மொத்தச் சரக்கு வாங்குபவர் போலப் பேசி, முன்பணம் அனுப்ப என்று சொல்லி ஒரு குறியை அனுப்புவார்கள். பணம் பெறுவதற்கு நாம் எதையும் வாசிக்க வேண்டியதில்லை, இரகசிய எண்ணை அழுத்த வேண்டியதுமில்லை. இரகசிய எண் கேட்டால் பணம் போகிறதே தவிர வருவதில்லை.

நான்காம் வகை, குறி மூலம் செயலியை இறக்கச் செய்வது. 2023 இல் சிங்கப்பூரில் தேநீர்க் கடைக் கதவில் ஒட்டியிருந்த குறியை வாசித்த அறுபது வயதுப் பெண்மணி ஒருவர், கருத்துக்கணிப்பை நிரப்பினால் இலவசத் தேநீர் என்றதை நம்பிச் செயலியொன்றை இறக்கினார். இரவில் அவருடைய கணக்கிலிருந்து 20,000 சிங்கப்பூர் வெள்ளி போய்விட்டது. செயலி இறக்கச் சொல்லும் குறி எதுவாயினும் கைப்பேசியை மூடி வைத்துவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே உங்கள் வங்கிக்கும் 997 என்ற எண்ணுக்கும் பேசுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு நிலையத்தின் எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடிவிடுமுன் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

பாக்கிப் புத்தகமும் குறியும்

குறி வந்துவிட்டால் பாக்கிப் புத்தகம் ஒழிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். சம்பளத்துக்கு முன்பு குழந்தைக்குப் பால்மாவு வேண்டி வருபவருக்கு எந்தக் குறியும் கடன் கொடுக்காது. கடைக்காரர்தான் கொடுக்க வேண்டும். ஆனால் பாக்கியைச் சிறுகச் சிறுக அடைக்க இது நல்ல வழி. 20 வெள்ளி, 30 வெள்ளி என்று கையில் உள்ளபோதே அனுப்பலாம். அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் பெயரையும் பாக்கி எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். தேதியும் தொகையும் இரு தரப்பிலும் பதிவாகும். "கொடுத்தேன்", "வரவில்லை" என்ற வழக்கு எழாது.

நாளேட்டில் இன்று முதல் மூன்று கட்டங்கள் போடுங்கள்: ரொக்கம், குறி, பாக்கி. இரவு கடை அடைக்குமுன் வங்கிச் செயலியில் அன்றைய வரவைக் கூட்டி இரண்டாம் கட்டத்தோடு ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அன்றே தேடுங்கள். ஒரு வாரம் கழித்துத் தேடினால் யாருக்கும் நினைவிருக்காது.

ரொக்கத்தையும் மறுக்காதீர்கள். தோட்டத்துச் சாலைகளில் அலைவரிசை நிற்கும் நேரமும் நிற்காத நேரமும் உண்டு. மின்சாரம் போகும் நாளும் உண்டு. கைப்பேசி பழகாத முதியவர் நோட்டை நீட்டும்போது சில்லறை இல்லையென்று திருப்பியனுப்பினால், அவர் மட்டுமல்ல, அவர் வீட்டாரும் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

பயிற்சி

இப்பாடத்தைப் படித்தவர்கள் இவ்வாரத்தில் செய்து பார்க்க வேண்டியவை நான்கு. கடைக் குறியை வாசித்து, வரும் பெயர் பதிவுப் பெயர்தானா என்று பாருங்கள். அக்கணக்கு யார் பெயரில் உள்ளது, கூட்டாளிக்கு அதைப் பார்க்க வழியுண்டா என்று எழுதி வையுங்கள். கல்லாவில் இருக்கும் பணியாளரிடம், வாடிக்கைக்காரர் படத்தைக் காட்டினால் என்ன செய்வாய் என்று கேட்டு, பதிலைத் திருத்துங்கள். வாட்ஸ்அப் குறி ஒன்றை நீங்களே, மகனைக் கூப்பிடாமல், செய்து பாருங்கள். முடியாதவர்கள் கைப்பேசியுடன் சங்கத்துக்கு வாருங்கள். தெரிந்த அங்கத்தினர் தெரியாதவருக்குக் காட்டிக் கொடுக்கட்டும்.